அப்ரண்டிஸ் இல்லாவிட்டால் லைன் ஓடுமா?

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் ஷிப்ட் மாறும் நேரம் வந்தால் எங்கு பார்த்தாலும் கம்பெனி பஸ்கள்தான். ரெனோ, நிசான் கார்கள் உருவாகும் ஆலை, டைம்லரின் லாரி ஆலை, ராயல் என்ஃபீல்டு, சற்றுத் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், இவற்றுக்கெல்லாம் இருக்கையும் வயரிங்கும் சஸ்பென்ஷனும் செய்து கொடுக்கும் சப்ளையர் கம்பெனிகள் என்று இந்த வட்டாரமே வாகனத் தொழிலை நம்பி வாழ்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கும் இளைஞர்களில் பி.இ. முடித்தவர்களும் உண்டு, டிப்ளமோவும் ஐ.டி.ஐ.யும் முடித்தவர்களும் உண்டு. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, தர்மபுரி என்று வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, மாத்தூரிலோ படப்பையிலோ சுங்குவார்சத்திரத்திலோ நான்கைந்து பேராக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் பலர். கேட்டைத் தாண்டியதும் இவர்கள் பர்மனென்ட், காண்ட்ராக்ட், ட்ரெய்னி, அப்ரண்டிஸ் என்று நான்காகப் பிரிகிறார்கள். ஒரே லைனில் அடுத்தடுத்து நிற்கக்கூடிய இந்த நால்வரில், சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளியாகவே தெரியாதவர் அப்ரண்டிஸ். அவர் அங்கே வேலை பார்க்கவில்லை, கற்றுக்கொள்கிறார் என்கிறது சட்டம். அது உண்மையா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும். நாளைக் காலை எல்லா அப்ரண்டிஸ்களையும் வகுப்பில் உட்கார வைத்துவிட்டால் லைன் ஓடுமா? ஓடும் என்றால் அவர்கள் மாணவர்கள். நின்றுவிடும் என்றால் அவர்கள் தொழிலாளர்கள். தொழிலாளிக்குரிய சம்பளமும் பாதுகாப்பும் அவர்களுக்குச் சேர வேண்டும்.

அப்ரண்டிஸ் சட்டம் 1961-ல் வந்தது. ஃபிட்டர், டர்னர், வெல்டர் போன்ற தொழில்களைக் கற்பவர்களுக்காக வந்த அந்தச் சட்டத்துக்குள் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் 1973 திருத்தம் கொண்டுவந்தது. அதன் 18-வது பிரிவு, அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்று சொல்லி முடித்துவிடுகிறது. சின்னப் பிரிவுதான், அதிலிருந்து கிளம்பும் விளைவுகள் சின்னவை அல்ல. அவருக்கு பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. நிர்வாகத்தோடு தகராறு வந்தால் தொழிலாளர் நீதிமன்றம் போக முடியாது; அப்ரண்டிஸ் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியிடம்தான் போக வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளியின் கை பிரஸ் மெஷினில் சிக்கிச் சிதைந்தால், நிரந்தர இழப்புக்கான தொகை ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும். பக்கத்து மெஷினில் நிற்கும் அப்ரண்டிஸுக்கு அதே கை போனால், இழப்பீட்டுச் சட்டப்படி மொத்தமாக ஒருமுறை பணம் வரும், அத்தோடு சரி. 1947-ன் தொழிற்தகராறுச் சட்டம் தொழிலாளி யார் என்று வரையறுக்கும்போது அப்ரண்டிஸையும் உள்ளடக்கியே பேசியது. அதன் இடத்தில், 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பு, 1961 சட்டத்தின் அப்ரண்டிஸை வரையறையிலிருந்தே நீக்கிவிட்டது. ஆக, கதவு முன்பைவிட இறுக்கமாகச் சாத்தப்பட்டிருக்கிறது.

இந்த விலக்கு கம்பெனிகளுக்கு இனாமாகக் கொடுக்கப்பட்டதல்ல. அதற்கு ஈடாக அவர்கள் கொடுக்க வேண்டியது பயிற்சி. இதை உச்ச நீதிமன்றமே 1975-ல் தெளிவாக்கியிருக்கிறது. வழக்கில் இருந்ததும் ஒரு வாகனக் கம்பெனிதான்: அன்றைய டெல்கோ, இன்றைய டாடா மோட்டார்ஸ். அப்ரண்டிஸுக்கும் இ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டுமா என்பது கேள்வி. வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அதற்கு அது சொன்ன காரணம், அப்ரண்டிஸ் உறவின் மையம் கற்பிப்பதும் கற்பதும்தான், வேலை வாங்குவது அல்ல என்பது. தீர்ப்பைக் கம்பெனிகள் தங்களுக்குச் சாதகமாகப் படிப்பது வழக்கம். ஆனால் அந்தக் காரணத்தைத் திருப்பிப் படித்தால் அது அப்ரண்டிஸின் பக்கம் நிற்கிறது: கற்பித்தல் மையத்தில் இல்லையென்றால் விலக்குக்கு அடித்தளமே இல்லை. 2003-ல் டிரம்பக் ரப்பர் வழக்கில் அதே நீதிமன்றம் இந்தத் திசையில்தான் சென்றது. எங்களிடம் இருப்பவர்கள் ட்ரெய்னிகள் என்று அந்தக் கம்பெனி சொன்னது. முழு உற்பத்தியையும் ட்ரெய்னிகளை மட்டும் வைத்தே நடத்தினீர்கள் என்பதை எப்படி நம்புவது என்று கேட்டு, அவர்கள் தொழிலாளர்களே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அங்கே இருந்தவர்கள் 1961 சட்டத்தில் முறையாகப் பதிவான அப்ரண்டிஸ்கள் அல்லர், ஆகவே தீர்ப்பு அப்படியே எல்லோருக்கும் பொருந்திவிடாது. ஆனாலும் தொடக்கத்தில் நான் வைத்த கேள்வியின் வேர் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

இதில் பொதுமக்களின் பணமும் இருக்கிறது. 2019-ல் திருத்திய விதிகளின்படி பட்டதாரி அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ.9,000, டிப்ளமோ முடித்தவருக்கு ரூ.8,000. தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் வரும், 2016-ல் தொடங்கிய இன்னொரு திட்டத்தில் கால் பங்கை, மாதம் ரூ.1,500 வரை அரசு கொடுக்கிறது. பல கார் கம்பெனிகள் குறைந்தபட்சத்துக்கு மேலேயே தருகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தொகைகளை ரூ.6,800 முதல் ரூ.12,300 வரை என்று உயர்த்தும்படி 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் பரிந்துரைத்தது, நல்ல பரிந்துரை. ஆனால் தொகையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் விஷயத்தைத் தவறவிடுவோம். ஒன்பதாயிரம் என்பது சம்பளமாகப் பார்த்தால் மிகக் குறைவு. கல்விக்கான உதவித்தொகையாகப் பார்த்தால் ஏற்கக்கூடிய தொகை. எதுவாகப் பார்ப்பது என்பதை முடிவு செய்யப்போவது அந்த ஒரு வருடப் பயிற்சியில் ஆலைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது? அசெம்பிளி லைனில் ஒரு ஸ்டேஷனை எடுத்துக்கொள்வோம். கார் நகர்ந்து வருகிறது. மேலே தொங்கும் எலெக்ட்ரிக் நட்ரன்னரை இழுத்து, சக்கரத்தின் நட்டுகளை முடுக்க வேண்டும். அளவு முன்பே கன்ட்ரோலரில் பதிந்திருக்கிறது. பயணிகள் காருக்குப் பொதுவாக 100 முதல் 120 நியூட்டன் மீட்டர். சரியாக முடுக்கினால் பச்சை விளக்கு. பிசகினால் சிவப்பு எரிந்து, லைன் நிற்கும் அல்லது டீம் லீடர் ஓடி வருவார். தவறு நேராதபடி கருவியே பார்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு உற்பத்திக்கு மிக நல்லது. கற்பவருக்கோ இதில் கற்க மிச்சம் வைக்கப்பட்டிருப்பது சொற்பம். பொறியியல் அந்தப் பச்சை விளக்குக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. நட்டை முடுக்கும் விசையில் ஏறக்குறைய பாதி நட்டின் முகப்பு உராய்விலேயே போய்விடுகிறது. இன்னும் ஒரு நாற்பது சதவீதம் மரையின் உராய்வில் போகிறது. பாக்கி இருக்கும் பத்து சதவீதம்தான் சக்கரத்தை உண்மையில் இறுக்கிப் பிடிக்கும் விசையாக மாறுகிறது. மரையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே 110 நியூட்டன் மீட்டரில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். நட்டு உட்காரும் இடத்தில் பெயின்ட் தடித்திருந்தால், கொஞ்ச நாளில் அது நசுங்கிப் பிடிப்பு தளரும். இரண்டு நேரத்திலும் விளக்கு பச்சையாகவே எரியக்கூடும். அதனால்தான் நல்ல கன்ட்ரோலர்கள் முடுக்கும் விசையோடு நட்டு சுழன்ற கோணத்தையும் சேர்த்துப் பதிவு செய்கின்றன. அந்த விசை-கோண வரைபடத்தை ஒருவருக்குக் காட்டி, எண்ணெய் தடவிய போல்ட்டையும் தடவாத போல்ட்டையும் அடுத்தடுத்து முடுக்கவிட்டு, வளைகோடு ஏன் மாறுகிறது என்று விளக்க அரை நாள் போதும். அந்த அரை நாள் கிடைத்தவர் எந்தக் கார் கம்பெனிக்கும், எந்த விமானக் கம்பெனிக்கும், எந்தக் காற்றாலைக் கம்பெனிக்கும் பயன்படுவார். கிடைக்காதவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு ஸ்டேஷன்.

நிமிடத்துக்கு ஒரு கார் போகும் லைன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, டீ நேரம் போக ஒரு ஷிப்டில் ஏழு மணி நேரம் என்றால் 420 தடவை. மாதம் 26 நாளுக்குக் கிட்டத்தட்ட 11,000. ஒரு வருடத்தில் ஒரே அசைவு ஒரு லட்சத்தைத் தாண்டும். அந்த அசைவைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆகும், கை பழக இன்னும் இரண்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகு நடப்பது உற்பத்தி. அதில் அவமானம் எதுவும் இல்லை. உலகத்தின் கார்களெல்லாம் அப்படித்தான் உருவாகின்றன. ஆனால் உற்பத்திக்கு உற்பத்தியின் பெயரையும் விலையையும் கொடுக்க வேண்டும். நான்கு வருடம் பி.இ. படித்துவிட்டு வந்த ஒருவரை அந்த ஸ்டேஷனில் பதினொரு மாதம் நிறுத்தி, அதைப் படிப்பு என்று அரசின் பணத்தோடு பதிவேட்டில் எழுதுவதுதான் தவறு.

எல்லாக் கம்பெனிகளும் இப்படிச் செய்கின்றன என்று நான் சொல்லவில்லை. கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையே சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1981-ல் வந்த நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியைப் பர்மனென்ட் ஆக்க வேண்டும். நாட்டிலேயே தொழிலாளிக்கு இவ்வளவு தெளிவாகப் பேசும் சட்டங்கள் குறைவு. அப்ரண்டிஸ் தொழிலாளி அல்லர் என்பதால் அவர் நிற்கும் நாட்கள் இந்தக் கணக்கில் ஏறுவதில்லை. ஒரு வருடம் முடிந்ததும் அவர் போய்விடுவார், அடுத்த பேட்ச் வரும். 2014 திருத்தம் தொழில்களின் பட்டியலைத் தளர்த்தி, கம்பெனியே வடிவமைக்கும் விருப்பத் தொழில்களை அனுமதித்தது. 2019 விதிகள், மொத்த ஆட்களில் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைத்துக்கொள்ளலாம் என்றன. காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து 6,000 பேர் இருக்கும் ஆலையில் 900 பேர் வரை இப்படி இருக்கலாம். இதற்கு வெளியே நீம் என்றொரு திட்டம் இருந்தது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2013-ல் அதைக் கொண்டுவந்து, இடைத்தரகு நிறுவனங்கள் மூலம் ட்ரெய்னிகளை ஆலைகளுக்கு அனுப்ப வழி செய்து, பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆக, நேர்மையான மேலாளரும் தன் மாத உற்பத்தி இலக்கைப் பார்க்கும்போது, ஆள் குறையும் ஸ்டேஷனுக்கு அப்ரண்டிஸை நகர்த்துவதே எளிது என்ற நிலைக்குத்தான் வருவார். அவருடைய நல்லெண்ணத்தை மட்டும் நம்பி ஒரு தலைமுறையின் கல்வியை விட்டுவிட முடியாது.

தடுக்க சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பலருக்குத் தெரியாத அளவுக்கு நல்ல விதிகள் இருக்கின்றன. பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையில் அப்ரண்டிஸை ஈடுபடுத்துவது குற்றம். அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்குவது குற்றம். பீஸ் ரேட்டில் பணம் கொடுப்பதும், உற்பத்தி போனஸ் திட்டத்தில் அவரைச் சேர்ப்பதும்கூடக் குற்றம். இந்தக் கடைசி இரண்டையும் எழுதியவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பது வெளிப்படை: உற்பத்தி எண்ணிக்கை எந்த வழியிலும் கற்பவரைத் தொட்டுவிடக் கூடாது என்பதே அவர்கள் கவலை. ஆனால் முன்பு சிறைத்தண்டனை வரை போகக்கூடியதாக இருந்த இந்தக் குற்றங்களுக்கு 2014 திருத்தம் நிர்ணயித்த தண்டனை, ஒவ்வொரு மீறலுக்கும் ரூ.1,000 அபராதம். கோடிகளில் புரளும் ஒரு கார் ஆலைக்கு அது எந்த மூலைக்கு? அதைவிடப் பெரிய ஓட்டை மதிப்பீட்டில் இருக்கிறது. ஐ.டி.ஐ. வகை அப்ரண்டிஸ் முடிவில் வெளியார் நடத்தும் தேர்வை எழுதுவதற்கு வழியாவது இருக்கிறது. பட்டதாரிக்கும் டிப்ளமோக்காரருக்கும் அதுகூட இல்லை. அவர்களுடைய முன்னேற்றத்தை அவ்வப்போது மதிப்பிட வேண்டியவர் கம்பெனிக்காரர். அவருக்குத் திருப்தி என்றால் அப்ரண்டிஸ் பயிற்சிக்கான மண்டல வாரியம் சான்றிதழ் கொடுத்துவிடும். வேலை வாங்குபவரே வாத்தியார், அவரே தேர்வாளர்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிக வலுவானது, லைன்தான் உண்மையான பள்ளிக்கூடம் என்பது. நம் பொறியியல் கல்லூரிகளில் பலவற்றில் மாணவர்கள் மெஷினைத் தொட்டே பார்க்காமல் பட்டம் வாங்குகிறார்கள்; எட்டு மணி நேரம் நின்று, ஒரு வேலையைப் பிசகின்றிச் செய்து, ஷிப்ட் ஒழுங்குக்குப் பழகுவதே அவர்களுக்குப் பெரிய பாடம் என்கிறார்கள் அனுபவமுள்ள ஷாப் மேலாளர்கள். இதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். லைனில் நின்றறியாத ஒருவர் பின்னாளில் லைனை வடிவமைத்தால், குனிந்து முடுக்க வேண்டிய இடத்தில் போல்ட்டை வைத்துவிட்டு, அதைச் செய்பவரின் முதுகைப் பற்றி நினைக்கவே மாட்டார். ஆகவே ஒவ்வொரு அப்ரண்டிஸும் லைனில் நிற்க வேண்டும். சில வாரங்கள் நிற்க வேண்டும், வெவ்வேறு ஸ்டேஷன்களில் நிற்க வேண்டும். பாடி ஷாப்பில் வெல்டிங் ரோபோவுக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்கும் டீச் பென்டன்ட்டைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். பெயின்ட் ஷாப்பில் ஒரு துகள் தூசி என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். பிரேக்டவுன் ஆன கன்வேயரை மெயின்டனன்ஸ்காரர்கள் எப்படி ஒவ்வொரு காரணமாகக் கழித்துக்கொண்டே தேடுகிறார்கள் என்று கூட நின்று பார்க்க வேண்டும். குவாலிட்டி பிரிவில் ஒரு புகாரை எடுத்து, ஏன் ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்டு வேர்க்காரணம் வரை போக வேண்டும். லைன் பள்ளிக்கூடம்தான் என்றால் அதில் ஒன்றாம் வகுப்பிலேயே ஒரு வருடம் முழுக்க உட்கார வைப்பானேன்?

இரண்டாவது ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. இப்படிக் கெடுபிடி செய்தால் கம்பெனிகள் அப்ரண்டிஸ் எடுப்பதையே நிறுத்திவிடும், கிடைக்கும் கொஞ்ச வாய்ப்பும் போகும் என்கிறார்கள். குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படித்து வந்த ஒருவருக்கு அந்த ஒன்பதாயிரமும், பெரிய கார் கம்பெனியின் பெயர் போட்ட சான்றிதழும் எவ்வளவு பெரியது என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 30 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்கள் குறைந்தது 2.5 சதவீதம் அப்ரண்டிஸ் வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். எடுக்காமல் இருப்பது அவர்கள் விருப்பத்துக்கு விடப்பட்டதல்ல. பயிற்றுவிக்க மனமில்லாமல் மலிவான கைக்காக மட்டும் 15 சதவீதம் வரை எடுத்தவர்கள் எண்ணிக்கையைக் குறைத்தால், குறைவது பயிற்சி வாய்ப்பு அல்ல. அந்த வேலைகள் அங்கேயேதான் இருக்கும். கார் ஓட வேண்டுமானால் நட்டை யாராவது முடுக்கியாக வேண்டும். அதைத் தொழிலாளியாக எடுத்துச் செய்யட்டும். அப்போது அதே இளைஞர் பி.எஃப்., இ.எஸ்.ஐ.யோடு, 480 நாள் கணக்கோடு அந்த ஸ்டேஷனில் நிற்பார்.

ஜெர்மனியைக் காட்டினால், அது வேறு நாடு, நமக்கு ஒத்துவராது என்பது மூன்றாவது. அங்கே மெக்கட்ரானிக்ஸ் பயிற்சி மூன்றரை வருடம். வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மீதி நாள் ஆலை. இறுதித் தேர்வைக் கம்பெனி நடத்துவதில்லை. தொழில் வர்த்தக சபை நடத்துகிறது. பயிற்சியின் நோக்கத்துக்கு உதவும் வேலைகளை மட்டுமே கொடுக்க வேண்டும் என்று 1969-ல் வந்த தொழிற்கல்விச் சட்டம் கட்டளையிடுகிறது. தங்களுக்கென்று பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அப்ரண்டிஸ்களுக்கு இருக்கிறது. அவர்களும் உற்பத்தி வேலை செய்கிறார்கள். அதைக் கல்வியின் எல்லைக்குள் செய்கிறார்கள். வலுவான சங்கங்களும் நூறாண்டுப் பழக்கமும் இருக்கும் நாடு அது, நமக்கு இரண்டும் இல்லை என்பது சரி. ஆனால் அதே ஜெர்மன் முறையில் மெக்கட்ரானிக்ஸ் அப்ரண்டிஸ்களை ஃபோக்ஸ்வேகன் புனேயை அடுத்த சக்கன் ஆலையில் பயிற்றுவிக்கிறதே! பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் டொயோட்டா 2007-ல் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கி, கர்நாடகக் கிராமங்களிலிருந்து பத்தாவது முடித்த பிள்ளைகளை எடுத்து, மூன்று வருடம் தங்க வைத்துக் கற்றுக்கொடுக்கிறது. இந்திய மண்ணில், இந்தியச் சந்தைக்குக் கார் விற்று லாபம் பார்க்கும் கம்பெனிகளே செய்து காட்டியதை ஒத்துவராது என்று சொல்ல முடியாது.

சின்ன சப்ளையர் கம்பெனிகளின் நிலைமை வேறு. நாற்பது பேரை வைத்து பிரஸ் ஷாப் நடத்துபவரிடம் பயிற்றுநரும் கிடையாது, வகுப்பறையும் கிடையாது. அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. இதற்கான வசதியைத் தமிழ்நாடு அரசு ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறது: டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ரூ.2,877 கோடியில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் ரோபோ, சி.என்.சி. என்று நவீனமாக்கப்பட்டன. வாரத்தில் ஒரு நாள் சுற்றுவட்டார சப்ளையர்களின் அப்ரண்டிஸ்கள் அங்கே உட்காரட்டும். செலவில் ஒரு பங்கை, அந்தப் பாகங்களை வாங்கிக் கார் செய்யும் பெரிய கம்பெனிகள் ஏற்கட்டும். அவர்களுடைய தரமே அந்தச் சின்னப் பட்டறைகளின் கையில்தானே இருக்கிறது.

இதெல்லாம் இப்போது ஏன் அவசரம் என்றால், ஒரு ஸ்டேஷனை மட்டும் அறிந்த கை எவ்வளவு சீக்கிரம் கைவிடப்படும் என்பதை இந்த வட்டாரம் கண்ணால் பார்த்துவிட்டது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. அப்படி ஓர் ஆலை மூடும்போது கேட்டைத் தாண்டி ஒருவர் எடுத்துச் செல்லக்கூடியது அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். இன்னொரு பக்கம் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் ஆலையைத் திறந்திருக்கிறது. மின்சாரக் காரில் எஞ்ஜின் இல்லை, கியர்பாக்ஸின் பெரும்பகுதி இல்லை. எஞ்ஜின் அசெம்பிளியில் ஒரு வருடம் ஒரே இடத்தில் நின்றவரின் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால் விசை-கோண வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு, பேட்டரிப் பெட்டியின் போல்ட்டும் சக்கரத்தின் போல்ட்டும் ஒன்றே.

ஆகவே கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. லைனை ஓட்டத் தேவையான ஆள் கணக்கில் அப்ரண்டிஸைச் சேர்க்கக் கூடாது என்று விதியில் எழுதுங்கள். எந்த ஸ்டேஷனிலும் இத்தனை வாரத்துக்கு மேல் ஒருவர் நிற்கக் கூடாது என்று வரம்பு கட்டுங்கள். பட்டதாரி, டிப்ளமோ அப்ரண்டிஸுக்கும் கம்பெனிக்கு வெளியே உள்ளவர் செய்முறைத் தேர்வு நடத்தட்டும். அதில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைக் கம்பெனி வாரியாக வெளியிட்டு, அரசின் பங்குத்தொகையை அதோடு கட்டுங்கள். பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பதிலும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்ற அப்ரண்டிஸுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரயில்வே தன் கடைநிலைப் பணிகளில் 20 சதவீதத்தைத் அப்ரண்டிஸ் சட்டப்படி தன்னிடம் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்குகிறது. அப்ரண்டிஸை வேலைக்கு எடுப்பது குறித்து ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று 2014 திருத்தமும் சொல்கிறது. அந்தக் கொள்கையைப் பூட்டி வைக்காமல் வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு பிள்ளையைக் கார் கம்பெனிக்கு அப்ரண்டிஸாக அனுப்பப்போகும் பெற்றோருக்கும், கேம்பஸுக்குக் கம்பெனிகளை அழைக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உதவித்தொகை எவ்வளவு, பஸ் உண்டா, கேன்டீன் உண்டா என்று கேட்கிறீர்கள், கேட்க வேண்டியவைதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், பன்னிரண்டு மாதத்தில் எந்த மாதம் எந்தப் பிரிவில் என்ன கற்றுக்கொடுப்பீர்கள், யார் கற்றுக்கொடுப்பார் என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரும் கம்பெனிக்கு அனுப்புங்கள்.